11,000 பவுண்ட் இழுக்கும் பிக்கப், 1,900 பவுண்ட் கேம்பரைத் தாங்குமா?

2024 மார்ச் 4 – கேள்வி

சியாட்டல் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். பிக்கப்பின் பின்பெட்டியில் இறக்கி வைக்கும் ஸ்லைடு-இன் கேம்பர் ஒன்று வாங்க எண்ணம். கையில் இருப்பது ஃபோர்டு எஃப்-150, நான்கு கதவு, ஐந்தரை அடி பின்பெட்டி. விளம்பரத் தாளில் இழுவைத் திறன் 11,000 பவுண்ட். பார்த்து வைத்திருக்கும் கேம்பரை 'ஹாஃப்-டன் வண்டிக்கு ஏற்றது' என்று விற்கிறார்கள். காலி எடை 1,900 பவுண்ட். 11,000 இழுக்கிற வண்டிக்கு 1,900 ஒரு பாரமா? கதவு ஒட்டுத்தாளில் 1,480 என்று இருக்கிறது, அது எதற்கான கணக்கு? பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.

மார்ச் 4, இரவு – பதில்

ஆகாது. காற்றுப் பை போட்டாலும் ஆகாது.

அந்த 1,480-ஐ வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போட வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒட்டியிருக்கும் தாள் அது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்பதே அதில் உள்ள வாசகம். இதில் ஓட்டுநரும் அடக்கம். டாங்க் நிறைய எரிபொருள் ஏற்கெனவே வண்டியின் எடையில் சேர்ந்துவிட்டது, அதைத் திரும்பக் கழிக்க வேண்டாம். டீலர் பிறகு மாட்டிய கால்படி, பின்பெட்டி மூடி எல்லாம் அந்த 1,480-இல் இருந்துதான் போகும்.

இழுவைத் திறன் வேறு கணக்கு. டிரெய்லரின் எடையை அதன் சொந்தச் சக்கரங்கள் தாங்குகின்றன, வண்டியின் முதுகில் ஏறுவது 10 முதல் 15 சதவீதம்தான். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவரிடம் அதே பெட்டியைத் தலையில் தூக்கச் சொன்னால் என்ன ஆகும், அதுதான் இங்கும். கேம்பரின் எடை முழுக்க முழுக்க ஸ்பிரிங், பின் அச்சு, டயர் மேல் உட்காருகிறது.

மார்ச் 5

காலி எடை 1,900 என்று நம்பி இறங்க வேண்டாம். பயணம் கிளம்பும் காலையில் அது எவ்வளவு ஆகும் என்று ஒரு மாதிரிக் கணக்கு:

தொழிற்சாலைக் காலி எடை 1,900
ஏசி, வெய்யில் மறைப்பு, சோலார் தகடு 200
தண்ணீர் 30 கேலன் 250 (ஒரு கேலன் 8.34 பவுண்ட்)
வெந்நீர்க் கொதிகலனில் 6 கேலன் 50
20 பவுண்ட் புரொப்பேன் உருளை, நிரம்பியது 37
ஈய பேட்டரி இரண்டு 120
பாத்திரம், சாப்பாடு, துணி, படுக்கை, நாற்காலி, குழாய், கருவிகள் 400
கட்டுக் கொக்கிகளும் டர்ன்பக்கிளும் (திருகி இறுக்கும் இணைப்பு) 100

கூட்டினால் 3,057. நாலு பேருக்கு 500 போட்டால் 3,557. ஒட்டுத்தாள் அனுமதிப்பது 1,480. இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் அதிகப் பாரம். பின் கதவைக் கழற்றி வைத்தால் மிச்சமாகும் சில பத்து பவுண்ட் இதில் எதையும் மாற்றாது.

'ஹாஃப்-டன் கேம்பர்' என்ற பெயர் கேம்பர் விற்பவர் வைத்தது. பிக்கப் தயாரித்தவர் அதற்கு எந்த உறுதியும் கொடுக்கவில்லை. ஹாஃப்-டன் என்ற சொல்லே பழைய காலத்துப் பேச்சு வழக்கு, இன்றைய எந்த வண்டியின் உண்மைச் சுமைத் திறனோடும் பொருந்தாது.

மார்ச் 5, மதியம்

எஃப்-150-ஐ மொத்தமாகத் தள்ளிவிட்டீர்களே என்று இருவர் கேட்டார்கள். ஹெவி டியூட்டி பேலோடு பேக்கேஜ் உள்ள எஃப்-150 வேறு ரகம். தடிமனான சட்டம், கனமான பின் அச்சு, பொருத்தமான டயர், சில ஆண்டுகளின் சில அமைப்புகளில் 3,000 பவுண்டைத் தாண்டிய சுமைத் திறன். ஆனால் அது உயர்ந்த அலங்கார ரகங்களிலும் ஐந்தரை அடிப் பெட்டியிலும் வராது. டீலர் முற்றத்தில் தற்செயலாகக் கண்ணில் படாது, தேடித்தான் பிடிக்க வேண்டும். 2014 வரையிலான பழைய வண்டிகளில் சக்கரத்தைப் பார்த்தாலே தெரியும், ஏழு போல்ட் இருக்கும். 2015-க்குப் பிறகு ஆறு போல்ட்தான், ஆகவே கதவு ஒட்டுத்தாளைத்தான் படிக்க வேண்டும்.

ராம் 1500-இல் 2009 முதலும், டொயோட்டா டண்ட்ராவில் 2022 முதலும் பின்னால் சுருள் ஸ்பிரிங். காலியாக ஓட்ட மெத்தென்று இருக்கும். அவற்றின் மேல் ஏற்றத் தகுந்தது கூரை மடங்கும் பாப்-அப் கேம்பர், அதிலும் உள்ளே அலமாரி குறைந்த வெற்றுக்கூடு வகை. கலிஃபோர்னியா வுட்லண்டில் இருக்கும் ஃபோர் வீல் கேம்பர்ஸ் 1972 முதல் இந்த வகையைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேருக்கு அது அருமையான வழி. நாலு பேர் என்றால் மழை நாளில் திண்டாட்டம்.

மார்ச் 7

வாங்கும் வரிசையை மாற்றுங்கள். எந்த வண்டி என்று கேட்பதற்கு முன் எந்த கேம்பர் என்று முடிவு செய்ய வேண்டும். முதலில் வண்டியை வாங்கிவிட்டு அதற்கேற்ற கேம்பரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை வண்டி மாற்றுகிறார்கள், அல்லது அதிகப் பாரத்தோடு ஓட்டுகிறார்கள். தோராயமான பொருத்தம் இப்படி. எடையெல்லாம் தண்ணீரும் சாமானும் ஏறிய எடை:

பாப்-அப், 1,200 முதல் 2,000 வரை: ஒட்டுத்தாளில் நல்ல எண் உள்ள ஹாஃப்-டன் (எஃப்-150, ராம் 1500 ரகம்), அல்லது முக்கால் டன் (எஃப்-250, ராம் 2500 ரகம்).

உறுதிச் சுவர் உள்ளது, ஆறரை அடிப் பெட்டிக்கானது, சுவர் வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் இல்லாதது, 2,500 முதல் 3,300 வரை: முக்கால் டன் பெட்ரோல் வண்டி தாங்கலாம், ஒரு டன் (எஃப்-350, ராம் 3500 ரகம்) தாங்கும்.

எட்டடிப் பெட்டிக்கான 9, 10 அடி கேம்பர், ஸ்லைடு-அவுட் இல்லாதது, 3,300 முதல் 4,200 வரை: ஒரு டன், ஒற்றைப் பின்சக்கரம், நீளப் பெட்டி. கனடாவில் கெலோனாவின் நார்தர்ன் லைட், ஆம்ஸ்ட்ராங்கின் பிக்ஃபுட் இரண்டும் ஃபைபர் கிளாஸ் ஓடு கொண்டவை. மரச்சட்டம் மழைத் தண்ணீர் குடித்து உளுத்துப்போகும் தொல்லை இவற்றில் குறைவு. வாஷிங்டன் மாநில மழைக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான்.

ஸ்லைடு-அவுட் ஒன்று இருந்தாலே 4,500-ஐத் தொடும்: டூயலி, அதாவது பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம்.

மூன்று ஸ்லைடு-அவுட்: 6,000-ஐத் தாண்டும். சில டூயலிகளுக்கே அது மிகை.

மார்ச் 8

"எஃப்-250 போதாதா, எஃப்-350-க்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

இரும்பில் பார்த்தால் மிகக் குறைவு. ஒற்றைச் சக்கர எஃப்-350-இல் பின் அச்சுக்கும் லீஃப் பட்டைக்கும் (அடுக்குத் தகடு ஸ்பிரிங்) நடுவில் உள்ள கட்டை 4 அங்குலம், எஃப்-250-இல் 2 அங்குலம். பாரம் அமுக்கிய பிறகு வேலைக்கு வரும் உதவிப் பட்டைகளும் மாறும். எண்ணில்தான் பெரிய வித்தியாசம். எஃப்-250 பெரும்பாலும் 10,000 பவுண்ட் மொத்த எடை வரம்போடு (வண்டி, ஆட்கள், சுமை எல்லாம் சேர்த்து) வருகிறது. பல இடங்களில் பதிவுக் கட்டணமும் வணிக வாகன விதிகளும் 10,001-இல் மாறுவதால் அந்த எல்லை வசதியானது. விளைவு: டீசல், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை என்று அடுக்கிக்கொண்டே போனால் அத்தனையும் அதே 10,000-க்குள் அடங்க வேண்டும். கடைசியில் ஒட்டுத்தாளில் 2,300 அளவில் வந்து நிற்கும். இப்படி அடுக்கிய எஃப்-350-இல் வரம்பு 11,000-க்கு மேல் இருப்பதால் அதே வண்டிக்கு நாலாயிரத்தை ஒட்டிய சுமைத் திறன் கிடைக்கும். புதிதாக வாங்கும்போது இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொற்பம்.

ராமில் வித்தியாசம் இரும்பிலேயே உண்டு. 2014 முதல் 2500-இல் பின்னால் சுருள் ஸ்பிரிங், 3500-இல் லீஃப் பட்டை. கேம்பருக்கு 3500. பவர் வேகன் 2500 வரிசையில்தான் வருகிறது, பார்க்கவும் முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் காட்டுப் பாதைக்காக ஸ்பிரிங்கை மிருதுவாக்கியதால் அதன் சுமைத் திறன் 1,500 பவுண்டை ஒட்டியதுதான். கேம்பரோடு அதை யோசிக்கவே வேண்டாம்.

மார்ச் 8, பிற்பகல்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 10,000 வரையிலான வண்டிகளுக்குத்தான் அந்த மஞ்சள் தாள் கட்டாயம். எஃப்-350-இல் அதைத் தேடிக் காணாமல் குழம்ப வேண்டாம். கதவில் மொத்த எடை வரம்பும் முன், பின் அச்சு வரம்புகளும் தனித் தாளில் இருக்கும். வண்டியை எரிபொருள் நிரப்பி எடைமேடையில் நிறுத்தி, வந்த எண்ணை மொத்த வரம்பிலிருந்து கழியுங்கள். அதுதான் உங்கள் சுமைத் திறன்.

அமெரிக்க விதிப்படி பிக்கப் தயாரிப்பாளர் கேம்பர் ஏற்றுவதற்கென்று தனித் தகவலும் தர வேண்டும். எத்தனை பவுண்ட் வரை, ஈர்ப்பு மையம் பின்பெட்டியில் எந்த இடத்துக்குள் விழ வேண்டும் என்று படத்தோடு இருக்கும். முன் டிராயரில் உள்ள ஏடுகளுக்குள் பாருங்கள். அந்த எண் ஒவ்வொரு இருக்கைக்கும் 150 பவுண்ட் ஆளைக் கழித்த பிறகு வருவது. ஆறு இருக்கை வண்டி என்றால் 900 பவுண்ட் ஏற்கெனவே கழிந்திருக்கும். இதையும் மஞ்சள் தாள் எண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

மார்ச் 11

நீளப் பெட்டியா, குட்டைப் பெட்டியா என்பதைப் பலர் வாகன நிறுத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்கிறார்கள். இது எடையைப் போலவே முக்கியம்.

கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் அச்சு தூக்கப்படும். ஸ்டியரிங் லேசாகி வண்டி அலையும், ஈரச் சாலையில் முன் சக்கரப் பிடி குறையும், முகப்பு விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

2017-க்குப் பிறகான சூப்பர் டியூட்டி (ஃபோர்டின் எஃப்-250, எஃப்-350 வரிசை) நான்கு கதவு வண்டியில் குட்டைப் பெட்டிக்கு அச்சிடைத் தூரம் சுமார் 160 அங்குலம், நீளப் பெட்டிக்கு 176. பெட்டிகளின் நீளமும் ஏறக்குறைய அதே 16 அங்குலம்தான் வேறுபடுகிறது. அப்படியானால் கூடுதலாகக் கிடைக்கும் நீளம் முழுவதும் பின் அச்சுக்கு முன்னாலேயே சேர்கிறது. கேம்பரை அச்சுக்கு முன் தள்ளி வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இதற்கு விலை, மொத்தம் 22 அடி நீளமான வண்டி. கடை வாசலில் திருப்புவது பழக வேண்டும்.

கேம்பரின் பக்கவாட்டில் ஈர்ப்பு மையக் குறி ஒட்டியிருப்பார்கள். கேம்பர் அடித்தளத்தின் முன் சுவரிலிருந்து அந்தக் குறி வரை அளவு எடுங்கள். வண்டியில் பின்பெட்டியின் உள் முன்சுவரிலிருந்து பின் அச்சின் மையம் வரை அளவு எடுங்கள். முதல் அளவு இரண்டாவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் குறி காலி கேம்பருக்கானது என்பதால் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பின் கதவுப் பக்கம் தொட்டி இருந்தால் மையம் பின்னுக்கு நகரும்.

எட்டடிப் பெட்டிக்குச் செய்த கேம்பரைக் குட்டைப் பெட்டியில் ஏற்றவே கூடாது. குட்டைப் பெட்டிக்கானதை நீளப் பெட்டியில் ஏற்றலாம். ஆனால் பின்பெட்டி முடியும் இடத்துக்குக் கீழே தொங்கும் சேமிப்பறை உள்ள கேம்பர் என்றால், அது பெட்டியின் விளிம்பில் முட்டி முன்சுவர் வரை போகாது. இடைவெளியில் மரச்சட்டம் வைத்து அடைக்காமல் ஓட்டினால் பலமாக பிரேக் பிடிக்கும்போது கேம்பர் முன்னால் வழுக்கிக்கொண்டு வரும்.

மார்ச் 12

டயர். மொத்த எடை வரம்புக்குள் இருந்துகொண்டே டயர் வரம்பைத் தாண்டுவது சாத்தியம், ஏனென்றால் கேம்பரின் எடை ஏறக்குறைய முழுதும் பின்னால் விழுகிறது.

எல்டி275/70ஆர்18 (எல்டி என்றால் லாரி வகை டயர்), லோடு ரேஞ்ச் ஈ (சுமை வகுப்பு): 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஒரு டயருக்கு 3,640 பவுண்ட். இரண்டுக்கு 7,280.
எல்டி275/65ஆர்20 ஈ: 3,750.
எல்டி245/75ஆர்17 ஈ: 3,195. டூயலியில் இணையாகப் போடும்போது 2,910, நாலுக்கு 11,640.

ஹாஃப்-டன்னில் பெரும்பாலும் எல்டி என்று தொடங்காத, கார் வகை பி டயர் வரும். அதன் பக்கத்தில் அச்சிட்ட எடையை அப்படியே எடுக்கக் கூடாது, பிக்கப்பில் போடும்போது 1.10-ஆல் வகுக்க வேண்டும்.

சக்கரத்துக்கும் எடை வரம்பு உண்டு. அழகுக்கு மாற்றிய அலாய் சக்கரத்தின் உட்புறத்தில் 2,500 என்று பொறித்திருந்தால் 3,640 டயர் மாட்டிப் பயனில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒரு சக்கரத்தைக் கழற்றியாவது பாருங்கள்.

ஒற்றைச் சக்கர வண்டியில் 4,000 பவுண்ட் கேம்பர் வைத்திருப்பவர்கள் சிலர் 19.5 அங்குல வணிகச் சக்கரத்துக்கு மாறுகிறார்கள். 245/70ஆர்19.5, லோடு ரேஞ்ச் ஹெச் டயர் 4,940 தாங்கும். பக்கவாட்டு ஆட்டம் நன்றாகக் குறையும், காலியாக ஓட்டும்போது தடதடக்கும். அச்சின் வரம்பு மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கும்.

மார்ச் 12, இரவு

காற்றுப் பை பற்றி மறுபடி கேட்கிறார்கள். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு நம்பிக்கையில்தான் பலர் அதிகப் பாரம் ஏற்றுகிறார்கள். காற்றுப் பை, டிம்ப்ரன் ரப்பர் (பாரத்தைத் தாங்க உதவும் ரப்பர் ஸ்பிரிங்), கூடுதல் பட்டை, பக்கவாட்டுச் சாய்வைக் குறைக்கும் தடித்த ஸ்டெபிலைசர் கம்பி, இவற்றில் எதுவும் கதவில் உள்ள எண்ணை உயர்த்தாது. பிரேக், அச்சுக் குழாய், பேரிங், சக்கரம், டயர் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. நடையைச் சீராக்குவது மட்டுமே இவற்றின் வேலை.

அந்த வேலைக்கு எது முதலில்? பின்பக்கம் தாழ்கிறது என்றால் காற்றுப் பை. இரண்டு பைக்கும் ஒரே குழாய் வேண்டாம், தனித்தனி வால்வு வையுங்கள். குளிர்ப்பெட்டியும் ஸ்லைடு-அவுட்டும் ஒரே பக்கம் இருந்து கேம்பர் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதல் காற்று விட்டு நிமிர்த்தலாம். அளவுக்கு மீறி ஊதினால் உதவிப் பட்டை தன் தாங்கியைத் தொடாமல் தொங்கும், முழுப் பாரமும் நெளியும் பையின் மேல் நின்று பக்கவாட்டு ஆட்டம் அதிகரிக்கும்.

ஆட்டம்தான் தொல்லை என்றால் டார்க்லிஃப்ட் நிறுவனத்தின் ஸ்டேபிள்லோட். உதவிப் பட்டை வழக்கமாகப் பாரம் நன்றாக அமுக்கிய பிறகே வேலைக்கு வரும். இது இடைவெளியை அடைத்து முதலிலிருந்தே பட்டையைச் சேர்த்துவிடுகிறது. அடுத்து ஹெல்விக் பின் ஸ்டெபிலைசர் கம்பி. அடுத்து ராஞ்சோ 9000 வரிசை போன்ற, திருகி இறுக்கத்தை மாற்றும் ஷாக். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். ஒன்றை மாட்டி, அதே சாலையில் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததை வாங்குங்கள். டயரை 80 பிஎஸ்ஐ-க்கு நிரப்பிய உடனேயே பாதி ஆட்டம் போய்விடுவதும் உண்டு.

மார்ச் 15

ஃபோர்டில் புதிதாக ஆர்டர் கொடுப்பவர்கள் கேம்பர் பேக்கேஜ் கேளுங்கள், குறியீட்டு எண் 471. கனமான முன் ஸ்பிரிங், பின்னால் உதவிப் பட்டை, ஸ்டெபிலைசர் கம்பி, கேம்பர் ஏற்றலாம் என்ற சான்று. பிறகு தனியாக மாட்டும் செலவோடு பார்த்தால் இது மலிவு. டீலர் முற்றத்தில் நிற்கும் வண்டிகளில் அபூர்வமாகத்தான் இருக்கும்.

மார்ச் 16

டீசலா பெட்ரோலா.

டீசல் இன்ஜின் அதே வண்டியின் பெட்ரோல் வகையைவிடச் சில நூறு பவுண்ட் கனம், அவ்வளவும் சுமைத் திறனில் குறையும். கனம் முன் அச்சில் இருப்பதால் பின் அச்சின் இடம் குறைவதில்லை, மொத்த வரம்புதான் முதலில் முட்டும். ஆகவே 10,000 வரம்புள்ள முக்கால் டன்னில் டீசலும் கேம்பரும் சேரவே சேராது. ஒரு டன்னில் சேரும்.

டீசலுக்கு ஆதரவாக மலைச் சாலை. இயற்கையாகக் காற்று இழுக்கும் பெட்ரோல் இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோவில் 11,000 அடிக் கணவாயில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டர்போ டீசல் அதை உணராது. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைப்பது) இருப்பது பெரிய நிம்மதி.

பெட்ரோலுக்கு ஆதரவாக விலை, எளிய பராமரிப்பு, சுமைத் திறன். 2020-இல் வந்த ஃபோர்டு 7.3 லிட்டர், பத்து கியர் பெட்டியோடும் 4.30 அச்சு விகிதத்தோடும் 3,500 பவுண்ட் கேம்பரைச் சிரமமில்லாமல் ஏற்றும். கேலனுக்கு 9 முதல் 11 மைல் எதிர்பார்க்கலாம், டீசலில் 12 முதல் 14. வருடத்துக்குச் சில விடுமுறைப் பயணம் மட்டும் போகும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் டீசலின் கூடுதல் விலையைத் திரும்பத் தராது. டிரெய்லரும் சேர்த்து இழுப்பதாக இருந்தால் டீசல். இல்லையென்றால் பெட்ரோல் என்பதே என் கருத்து.

மார்ச் 19

எடைமேடை. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற பெரிய பலகை இருக்கும். முன் சக்கரம் ஒரு தட்டில், பின் சக்கரம் அடுத்த தட்டில் நிற்கும்படி ஓட்டி ஏறினால் அச்சு வாரியாகச் சீட்டு தருவார்கள். கேம்பர் இல்லாமல் ஒரு முறை, எல்லாம் ஏற்றி ஒரு முறை. இரண்டு முறையும் டாங்க் நிறைய எரிபொருள், அதே ஆட்கள். இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டால் ஈர்ப்பு மையத்தையே கண்டுபிடிக்கலாம்.

உதாரணம்: ஒற்றைச் சக்கர எஃப்-350, பெட்ரோல், நீளப் பெட்டி.
காலி: முன் 4,300, பின் 3,200, மொத்தம் 7,500.
ஏற்றிய பின்: முன் 4,420, பின் 6,700, மொத்தம் 11,120.

ஏறிய சுமை 3,620. முன் அச்சில் கூடியது 120. அதை அச்சிடைத் தூரம் 176-ஆல் பெருக்கி 3,620-ஆல் வகுத்தால் 5.8 அங்குலம். மையம் பின் அச்சுக்கு அவ்வளவு முன்னால் இருக்கிறது, நல்லது. முன் அச்சு எடை குறைந்திருந்தால் மையம் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம்.

பின்னால் 6,700. கதவில் பின் அச்சு வரம்பு 7,200 என்றால் 500 மிச்சம். டயர் 7,280. பாதுகாப்பான இடத்தில் இருக்கிறோம். ஆனால் இந்த மேடை இடது, வலது வித்தியாசத்தைச் சொல்லாது. ஒரு பக்கம் 3,600-ம் மறுபக்கம் 3,100-மாக இருந்தால் கனமான பக்கத்து டயர் விளிம்பில் நிற்கிறது. சக்கர வளைவின் உயரத்தை இரு பக்கமும் டேப்பில் அளந்து ஒப்பிடுங்கள்.

பழைய கேம்பர் வாங்குகிறவர்கள் விற்பவரையே வண்டியோடு மேடைக்கு வரச் சொல்லலாம். கேம்பரில் ஒட்டியிருக்கும் எடை, உரிமையாளர் பிறகு சேர்த்ததையும் மரத்தில் ஊறிய தண்ணீரையும் அறியாது.

மார்ச் 20

மார்ச் 7-இல் போட்ட பட்டியலில் டூயலி பகுதியைத் திரும்பப் படித்தேன். எஃப்-450 வாங்கினால் இன்னும் அதிகம் தூக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எஃப்-450 பிக்கப்பின் மொத்த வரம்பும் டூயலி எஃப்-350-இன் உச்ச வரம்பும் 14,000-தான். 450 தானே கனமான வண்டி என்பதால் சுமைத் திறன் குறையும். அகன்ற முன் அச்சு, குறுகலில் திரும்பும் வசதி, 19.5 சக்கரம், இவற்றுக்காக வாங்கலாம். பெயர் ஒன்றானாலும், பெட்டி இல்லாமல் சட்டம் மட்டும் வரும் எஃப்-450, எஃப்-550 வேறு வண்டிகள், அவற்றின் வரம்பு 16,500-ம் 19,500-ம்.

டூயலிக்கு வேறு செலவும் இருக்கிறது. பின் மட்காப்பு 8 அடி அகலம். கேம்பரை ஏற்றும்போது முன் ஜாக் கால்கள் அதைத் தாண்டி விலகி நிற்க வேண்டும், அதற்கு வெளியே மடங்கும் தாங்கிகள் தேவை. இல்லாத கேம்பரை வாங்கினால் அதையும் பேரத்தில் சேர்த்துக் கேளுங்கள். சரளைச் சாலையில் இரட்டை டயருக்கு நடுவே கல் சிக்கும், இரவு நிறுத்தும்போது டார்ச் அடித்துப் பாருங்கள்.

மார்ச் 23

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவற்றில் பலர் தவறவிடுவது உயரம். புதிய பிக்கப்களின் பக்கச் சுவர் உயர்ந்துவிட்டது, கேபின் கூரையும் அப்படியே. பழைய கேம்பரைப் புதிய வண்டியில் ஏற்றினால் படுக்கைப் பகுதி கேபின் கூரையில் இடிக்கலாம், அல்லது கேம்பரின் பக்க இறக்கை பெட்டி விளிம்பில் உட்காரும். இறக்கை எடையைத் தாங்கச் செய்ததல்ல, எடை அடித்தளத்தில்தான் நிற்க வேண்டும். கூரைக்கு மேல் 2 அங்குலமாவது இடைவெளி விடுங்கள், மேட்டில் ஏறி இறங்கும்போது சட்டம் முறுக்கி அந்த இடைவெளி சுருங்கும். போதவில்லை என்றால் பெட்டித் தரையில் கெட்டியான நுரைப் பலகையும் அதன் மேல் பிளைவுட்டும் போட்டு உயர்த்துங்கள். அதன் மேல் ரப்பர் விரிப்பு. வழுவழுப்பான பிளாஸ்டிக் லைனர் இருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள், அதன் மேல் கேம்பர் நகரும்.

சக்கர மேடுகளுக்கு நடுவே பெரும்பாலான பெரிய வண்டிகளில் 50 அங்குலம் சொச்சம். அகலமான அடித்தளம் உள்ள கேம்பரா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் ஏற்றிய பிறகு தரையிலிருந்து ஏசி உச்சி வரை அளந்து, அந்த எண்ணை வெய்யில் மறைப்பான் மடிப்பில் ஒட்டி வையுங்கள்.

மார்ச் 24

கட்டுவது. சட்டத்தோடு பிணைக்கும் கட்டுக் கொக்கிகள், பெட்டித் தகட்டில் மாட்டுபவை என இரண்டு வழி. சூப்பர் டியூட்டி 2017 முதல் அலுமினியப் பெட்டி, அதில் தகட்டில் மாட்டும் வகை வேண்டவே வேண்டாம். டார்க்லிஃப்ட் போன்ற சட்டத்தில் போல்ட் செய்யும் வகைதான். நாலு மூலையிலும் ஸ்பிரிங் உள்ள டர்ன்பக்கிள். முன் இரண்டும் கேம்பரை முன்சுவர் நோக்கி இழுக்கும் கோணத்தில் இருக்கட்டும். கிளம்பி 30, 40 மைலில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், ரப்பரும் நுரையும் அமர்ந்து தளர்வு வந்திருக்கும்.

மார்ச் 26

பின் கதவைக் கழற்றும் முன் அதில் உள்ள கேமரா, பூட்டு, விளக்கு இணைப்புகளை உருவ வேண்டும். புதிய வண்டிகளில் உருவியதும் திரையில் எச்சரிக்கை வரும், ஓட்டத் தடையில்லை. இணைப்பு முனையை நெகிழி உறை போட்டுக் கட்டி வையுங்கள், உப்புச் சாலையில் அது பச்சை பூத்துவிடும்.

மின்னிணைப்புக்கு ஏழு முனை பிளக் பின் பம்பரில் இருக்கும், கேம்பரின் வயர் முன்பக்கம் வரும். பெட்டியின் முன் மூலையில் இரண்டாவது சாக்கெட் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அந்த மெல்லிய கம்பி வழியாகப் பேட்டரி முழுக்க நிரம்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நீளத்தில் வோல்ட் இறங்கும். லித்தியம் பேட்டரி வைத்தால் வண்டிப் பேட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து, இரு முனையிலும் ஃபியூஸ் போட்டு, கேம்பருக்குள் வோல்ட்டைச் சீராக்கிப் பேட்டரியை நிரப்பும் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். ஈய பேட்டரி இரண்டை எடுத்துவிட்டு லித்தியம் ஒன்று வைத்தால் 90 பவுண்ட் அளவுக்கு எடையும் குறையும். விளிம்பில் நிற்கும் ஒற்றைச் சக்கர வண்டிக்கு அது மலிவாகக் கிடைக்கும் 90 பவுண்ட்.